முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இளம் வழக்கறிஞர்கள் எதைப் பேச வேண்டும்?

#1 திண்டுக்கல் ஜூனியர்

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகப் பணிபுரிகிறேன். என்னோடு பார் கவுன்சிலில் பதிவு செய்த நண்பர்கள் சிலரும் நானும் சேர்ந்து, பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல் நேராக வேலைக்குப் போகிற மாணவ மாணவியருக்கு, அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் ஐடிஐகளிலும் ஊதியம் வாங்காமல் வகுப்பு எடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் இந்தப் பிள்ளைகள் போகிற இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பெண்கள் நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். பையன்கள் ஓசூர், ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கோ சென்னையில் ஜவுளிக் கடைகளுக்கோ போகிறார்கள். திறன் பயிற்சிக்கும் மேற்படிப்பு வழிகாட்டலுக்கும் 2022 முதல் அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. அந்த வேலையைத் திரும்பச் செய்வது எங்கள் நோக்கமன்று. எங்களுக்குத் தெரிந்தது காகிதம். அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையெழுத்திடப் போகிற காகிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட எங்களால் முடியும் என்று நம்புகிறோம்.

குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), பாலியல் துன்புறுத்தல் புகார், பாண்டு (வேலையை இடையில் விட்டால் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) ஆகியவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லும்படி ஒரு பாடத்திட்டம் தயாரித்திருக்கிறோம். இதில் எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 வேடசந்தூர் வட்டத்து ஆசிரியர்

நல்ல முயற்சி. ஆனால் பிளஸ் டூ முடித்த பிறகு வகுப்பு எடுப்பதென்றால் காலம் பிந்திவிடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே போகிற பிள்ளையை மறுபடியும் பள்ளி வளாகத்துக்குள் வரவழைப்பது மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் மட்டுமே நடக்கும். அதற்குள் வீட்டில் ஏஜென்ட் வந்து பேசி முன்பணமும் கொடுத்திருப்பார். ஆகவே ஜனவரியில், திருப்புதல் தேர்வுகளுக்கு முன்னதாகவே வாருங்கள்.

இரண்டாவது, அனுமதி. 2024 செப்டம்பரில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் வெளியார் ஒருவர் பேசிய பேச்சு பெரிய சர்ச்சையான பிறகு, வெளியிலிருந்து யார் வந்தாலும் தலைமை ஆசிரியர்கள் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வமான அனுமதியைக் கேட்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. "நாங்கள் வழக்கறிஞர்கள், நல்ல எண்ணத்தோடு வருகிறோம்" என்பது மட்டும் போதாது.

மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன். சட்டப் பிரிவுகளின் எண்களைப் பலகையில் எழுதிப் போட்டால் எங்கள் பிள்ளைகள் அதையும் ஒரு பாடமாகவே நோட்டில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். அவர்கள் கையில் எதையாவது கொடுத்துச் செய்ய வைக்க உங்களிடம் ஏதேனும் வழி இருக்கிறதா?

#3 மதுரை வழக்கறிஞர்

ஆசிரியர் சொல்கிற அனுமதிச் சிக்கலுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவது அவர்களுடைய பணிகளில் ஒன்று. அவர்கள் பெயரில் கடிதம் போனால் கல்வி அலுவலகத்தில் கதவு எளிதாகத் திறக்கும். உங்களுக்கும் அது ஒரு பாதுகாப்பு. வழக்கறிஞர் எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குத் தேடக் கூடாது என்று பார் கவுன்சிலின் 36-ஆம் விதி சொல்வது உங்களுக்குத் தெரியும். வகுப்பு முடிந்ததும் மாணவர்களிடம் விசிட்டிங் கார்டு கொடுத்தால், உங்கள் மனத்தில் எவ்வளவு தூய்மை இருந்தாலும் அது வழக்குத் தேடுவதாகவே பார்க்கப்படும். கொடுக்க வேண்டிய எண் 15100, அதாவது தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லாத தொலைபேசி எண். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். உங்களிடம் படிக்கப்போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றுக்குள் வருவார்கள்.

கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு, நாங்கள் மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரிப் பாண்டு தயாரித்து வைத்திருக்கிறோம். அச்சு அசல் கம்பெனிக் காகிதம் போலவே இருக்கும்: மேலே 20 ரூபாய் முத்திரைத்தாள் முகப்பு, நெருக்கமான ஆங்கில எழுத்து, கடைசிப் பக்கத்தில் நான்கு இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. சம்பளத் தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். தேதியும் காலி. ஐந்தாவது வரியில், பயிற்சியை இடையில் விட்டால் 50,000 ரூபாய் கட்டுவேன் என்று இருக்கும். ஏழாவது வரியில், அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கும் என்று இருக்கும். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, "கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்வோம். ஏறத்தாழ எல்லோரும் பெருக்கல் குறி இருந்த இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் காகிதத்தையே திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்க வைப்போம். அப்போது வகுப்பில் விழுகிற அமைதியை நான் வேறெந்தச் சட்ட முகாமிலும் கண்டதில்லை.

#4 கோவை வழக்கறிஞர்

மதுரை அம்மா சொன்ன பாண்டு பயிற்சி மிக நன்று. அதோடு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் மோகரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான். ஆகவே அவர்களிடம் "நீ போட்ட பாண்டு வெறும் காகிதம், பயப்படாதே" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

#5 மதுரை வழக்கறிஞர்

தம்பி, அப்படி ஒரே வரியில் சொல்லிவிட்டு வர வேண்டாம். செல்லாத ஒப்பந்தம் இரண்டு பக்கமும் செல்லாது. 1949-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ் ராணி வழக்கு என்று ஒன்று வந்தது. வயது நிரம்பாத ஒரு நடிகைக்காக அவருடைய தந்தை படக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். கம்பெனி அந்த ஒப்பந்தத்தை முறித்தது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, அந்த ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லி நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நம் பிள்ளையை மிரட்டுகிறவருக்கு எதிராக நாம் எடுக்கும் வாதத்தையே, பேசிய போனஸைக் கேட்கப் போகும்போது நிர்வாகம் நம்மீது திருப்பும். செய்த வேலைக்கான கூலியைச் சட்டம் தருகிற உரிமையாகக் கேட்டு வாங்கலாம்; அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் "மூன்று ஆண்டு முடித்தால் மொத்தத் தொகை தருவோம்" என்ற வாக்குறுதியை எதை வைத்துக் கேட்பது? கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் என்று சொல்லி நூற்பாலைகளில் நடந்தவற்றில் இந்த ஓட்டை எவ்வளவு பெண்களைப் பாதித்தது என்பதை நம் மேற்கு மாவட்டங்கள் அறியும்.

இன்னும் இரண்டு விலக்குகள் உண்டு. அப்ரண்டிஸ் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் அல்லது காப்பாளர் போடுகிற தொழிற்பழகுநர் ஒப்பந்தம் செல்லும். அதேபோல, சாதாரணப் பாண்டில் தந்தை ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருந்தால் பணம் கேட்டுத் தந்தையிடம் வருவார்கள். அது வேறு வழக்காகிவிடும். 18 நிறைந்தவர்களைப் பொறுத்தவரை, பாண்டு என்றாலே செல்லாது என்றும் சொல்லக் கூடாது. 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே நேரம், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதையும் தானாகவே வசூலித்துவிட முடியாது, நியாயமான இழப்பீடு மட்டுமே என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வங்கி அதிகாரியின் நிலை வேறு, எட்டாயிரம் ரூபாய்க்குப் போகிற பெண்ணின் நிலை வேறு.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கையெழுத்துக்கு முன்னால் நகல் கேள், காலி இடத்தோடு கையெழுத்துப் போடாதே, கையெழுத்துப் போட்டுவிட்டால், மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டுவதற்கு முன்னால் 15100-ஐ அழை.

#6 நூற்பாலை அக்கா

நான் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மில்லுக்குப் போனவள். இப்போது சங்கத்தில் பெண்களுக்கான வேலைகளைப் பார்க்கிறேன். வழக்குகளின் பெயர்கள் எனக்குத் தெரியாது. கேம்ப், அதாவது மில் விடுதி வாழ்க்கை தெரியும். அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், தம்பி.

மில்லில் சேர்ந்த முதல் நாளே பெட்டியைச் சோதித்து, கைப்பேசியை வார்டன் வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. வாரத்தில் ஒரு நாள், அதுவும் பக்கத்தில் ஆள் நிற்கத்தான் வீட்டுக்குப் பேச முடியும். நீங்கள் கைப்பேசியில் பதிந்துகொடுக்கிற எண் எதுவும் அந்த நாளில் உதவாது. ஆகவே மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்களை வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். 18 நிறையாதவருக்கு 1098, பெண்களுக்கு 181, அம்மாவின் எண், இவ்வளவு போதும். அம்மாவின் எண்ணையே மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள், ஏனென்றால் அது கைப்பேசிக்குள் இருக்கிறது.

அடுத்தது நோட்டு. சின்னதாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் தினமும் தேதி, எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய், ஓ.டி. உண்டா, சூப்பர்வைசர் பெயர் என்ன என்று ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்த சம்பளத் தகராறுகளில் ஜெயித்தவை பெரும்பாலும் யாரோ ஒரு பெண் இப்படி எழுதி வைத்திருந்ததால் ஜெயித்தவை. லேபர் ஆபீசில் போய் உட்கார்ந்தால் எதிர்ப் பக்கம் ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து வைப்பார்கள். நம் பக்கம் வைக்க ஏதாவது வேண்டாமா?

கடைசியாக, தாய்மார்களையும் கூப்பிடுங்கள். முடிவெடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான். முன்பணம் வாங்குவதும் வீட்டில்தான். முன்பணத்தை அடைக்கும் வரை வேலையை விட்டுப் போகக் கூடாது என்று கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்று எங்கள் சங்கத்து வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அது அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

#7 மனிதவளம், ஒரகடம்

நான் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நிர்வாகத்தின் பக்கம் இருப்பவன் என்பதால் என் பேச்சை ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் சேருகிற முதல் நாள் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

முதல் சம்பளம் கையில் வருகிற நாளில் நடப்பதைச் சொல்கிறேன். 12,000 ரூபாய் என்று பேசிச் சேர்ந்த பையனுடைய கணக்கில் 10,470 ரூபாய் விழுகிறது. உடனே, ஏஜென்ட் திருடிவிட்டார் என்று கோபப்படுகிறான். சிலர் அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். 12 சதவீதம் பிஎஃப் என்பது 1,440 ரூபாய், 0.75 சதவீதம் இஎஸ்ஐ என்பது 90 ரூபாய். அந்த 1,440-க்கு ஈடாக நிர்வாகமும் தன் பங்கைச் செலுத்துகிறது என்பதும், அந்தப் பணம் அவனுடைய பெயரில் சேர்கிறது என்பதும், இஎஸ்ஐ இருந்தால் வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு என்பதும் அவனுக்கு யாரும் சொன்னதில்லை. பே ஸ்லிப் ஒன்றை வகுப்பில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியையும் விளக்குங்கள். அதே பே ஸ்லிப்பைப் படிக்கத் தெரிந்தால், பிடித்தம் செய்துவிட்டுப் பிஎஃப் கணக்கில் கட்டாமல் ஏமாற்றுகிற கான்ட்ராக்டரையும் அவனால் இரண்டாவது மாதத்திலேயே கண்டுபிடித்துவிட முடியும். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை அவனே வைத்திருக்க வேண்டும். வேலை மாறும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிவிட்டு, பிறகு பணத்தை எடுக்க முடியாமல் அலைகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

இன்னொன்று, வேலையை விடுவது எப்படி என்றும் கற்றுக்கொடுங்கள். பிடிக்கவில்லையென்றால் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி. அப்படிப் போனால் கடைசி மாதச் சம்பளமும் போகிறது, அனுபவச் சான்றும் போகிறது. நான்கு வரியில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கவோ மின்னஞ்சலில் அனுப்பவோ பழக்கிவிட்டால் பெரிய உபகாரமாக இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்த்துவிட வேண்டும். அதைக் கேட்பதற்கும் தேதியோடு ஒரு கடிதம் வேண்டும்.

வகுப்பெடுக்கும் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நிர்வாகம் என்றாலே எதிரி என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் விதைத்து அனுப்பாதீர்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையை நான் விரும்பியே சேர்த்துக்கொள்கிறேன். சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற பிள்ளைதான் மூன்றாவது வாரம் காணாமல் போகிறான்.

#8 நூற்பாலை அக்கா

ஒரகடம் ஐயா சொன்ன பே ஸ்லிப் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் கேள்வி கேட்கிற பிள்ளையை விரும்பிச் சேர்த்துக்கொள்கிற இடம் உங்களுடையதாக இருக்கலாம். பல இடங்களில் கேள்வி கேட்கிற பெண்ணை மறுநாளே கஷ்டமான மெஷினுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே எதை வாய்விட்டுக் கேட்பது, எதைக் கேட்காமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்வது, எப்போது வெளியே சொல்வது என்ற நிதானத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

#9 ரங்கநாதன் தெரு

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். 17 வயதில் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்குத் தளத்தில் நின்றால் இரவு பத்து வரை நிற்க வேண்டும். விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கடைகள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்ததை, கடையை விட்டு வந்த பிறகுதான் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சேருகிற அன்று என் அசல் மதிப்பெண் சான்றிதழை "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஊரில் பாலிடெக்னிக்கில் சேர வாய்ப்பு வந்தபோது அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேர்க்கைக்கான கடைசி நாள் போய்விட்டது. அசலைக் கொடுக்க வேண்டியதில்லை, நகல் போதும் என்று யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் என் வழி வேறாக இருந்திருக்கும். டிஜிலாக்கரில் சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

வகுப்பு எடுக்கப் போகிற அண்ணன்களிடம் கேட்கிறேன்: 17 வயதில் அவ்வளவு நேரம் என்னை நிறுத்தி வைத்தது சட்டப்படி சரிதானா?

#10 மதுரை வழக்கறிஞர்

சரியில்லை, தம்பி. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம்பருவத் தொழிலாளர் சட்டத்தின்படி, 14 முதல் 18 வயதுக்குட்பட்டவரைக் கடை போன்ற நிறுவனத்தில் வேலைக்கு வைத்தால், இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்னாலும் வேலை வாங்கக் கூடாது. ஓ.டி. அறவே கூடாது. சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தயாரிப்பு முறை ஆகியவற்றில் அவர்களைச் சேர்க்கவே கூடாது.

சான்றிதழைப் பிடித்து வைக்கவும் எவருக்கும் உரிமை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, வங்கியர் முதலான சிலருக்கு மட்டுமே பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையைத் தருகிறது. அதிலும், சான்றிதழ் விற்பனைப் பொருளன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளுக்கு எதிரான வழக்குகளில் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரர் கட்டணம் தரவில்லை என்பதற்காக வழக்கு ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞர்களான எங்களுக்கே உரிமை கிடையாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

#11 வேடசந்தூர் வட்டத்து ஆசிரியர்

அம்மா சொன்ன ஆறு மணி நேரச் சட்டத்தைப் படித்ததும் எனக்கு ஒரு கவலை எழுகிறது. இதை நாங்கள் வகுப்பில் சொன்னால், எந்தக் கடைக்காரரும் 17 வயதுப் பிள்ளையை ஆறு மணி நேரத்துக்கு மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஒன்று, வேலையே கிடைக்காது. அல்லது வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ப்பார்கள். வீட்டில் அப்பா படுத்துக்கிடக்கிற பிள்ளையிடம் "18 ஆகும் வரை காத்திரு" என்று எந்த முகத்தோடு சொல்வது?

#12 மனிதவளம், ஒரகடம்

ஆசிரியர் ஐயா கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். எங்களைப் போன்ற பெரிய தொழிற்சாலைகள் 18 நிறைந்தவரை மட்டுமே சேர்க்கின்றன. ஆதாரிலுள்ள பிறந்த தேதி ஒரு நாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். தேர்வு முடிவதற்கும் 18 நிறைவதற்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் எந்தப் பதிவும் இல்லாத இடங்களுக்குப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். கெடுதல் பெரும்பாலும் நடப்பது அங்கேதான்.

அந்த இடைவெளிக்கு முறையான தொழிற்பழகுநர் பயிற்சி ஒரு வழி. அபாயகரமான தொழில்களைத் தவிர்த்த மற்றவற்றில் 14 வயது முதலே அனுமதி உண்டு. 2019-இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய். ஆனால் அது அரசின் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் "அப்ரண்டிஸ்" என்று வாயால் சொல்லிச் சேர்ப்பது வெறும் மலிவுக் கூலி. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கு என்ற ஒரு வரியைப் பாடத்திட்டத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#13 கோவை வழக்கறிஞர்

அதோடு, பதிவான தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கணக்கில் பயிற்சி நாட்கள் சேரமாட்டா. எந்த நாளிலிருந்து பயிற்சி முடிந்து வேலை தொடங்கியது என்பதற்குப் பணி நியமன ஆணைதான் சாட்சி. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கிற நிறுவனங்களில் நியமன ஆணை தருவதைப் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஆணையும் நூற்பாலை அக்கா சொன்ன நோட்டும் ஒரே பையில் இருந்தால், எங்களைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் நின்று பேச முடியும்.

எங்கள் வகுப்புகளில் தவறாமல் வருகிற ஒரு கேள்வியையும் சொல்கிறேன், ஏனென்றால் திண்டுக்கல் நண்பர்கள் அதற்குத் தயாராக வேண்டும். "சார், உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நான் மறைக்காமல் சொல்வேன். எங்கள் தொழிலிலும் முதல் சம்பளம் ஒரு போராட்டம்தான் என்று தெரிந்ததும், பின்பெஞ்சில் இருக்கிற பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து தங்கள் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள். சமமாக உட்கார்ந்து பேசுகிற அந்த நிலை இல்லாவிட்டால், கறுப்புக் கோட்டைப் பார்த்து மிரண்டு எதையும் கேட்காமலே போய்விடுவார்கள். கோட்டைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

#14 நூற்பாலை அக்கா

மேலே யாரும் விரிவாகத் தொடாத ஒன்று பாலியல் தொந்தரவு. பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பாக இருக்கிறது, சரி. ஆண் வழக்கறிஞர் ஒருவர் பையன்களும் பெண்களும் கலந்த வகுப்பில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்தால், பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு நேரம் எப்போது முடியும் என்று பார்ப்பார்கள். பெண் வழக்கறிஞர்கள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு, மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், பயிற்சியில் இருப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அந்தப் பேச்சின் ஊடே சொல்லலாம். 18 நிறையாத பெண் என்றால் அது போக்சோ குற்றம். விஷயம் தெரிந்தவர் புகார் தராமல் இருப்பதே தவறு என்பதை ஆசிரியர்களுக்கும் வார்டன்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையன்களுக்கும் இது நடக்கிறது. அதையும் யாராவது அவர்களிடம் பேச வேண்டும்.

#15 திண்டுக்கல் ஜூனியர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை நண்பர்களோடு உட்கார்ந்து படித்தோம். பாடத்திட்டத்தை முழுவதுமாக மாற்றியிருக்கிறோம். ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கடிதம் எழுதி, அவர்கள் மூலமாகக் கல்வி அலுவலகத்தின் அனுமதியைக் கேட்கப்போகிறோம். முதல் வகுப்பு ஜனவரியில். அதில் மாதிரிப் பாண்டு, பே ஸ்லிப், நியமன ஆணை ஆகிய மூன்று காகிதங்களும் ராஜினாமாக் கடிதமும் மட்டுமே இருக்கும். சட்டங்களின் பெயர்களைக் காகிதத்தில் அந்தந்த வரி வரும்போது சொல்வோமே தவிர, தனித் தலைப்பாக எடுக்கப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும், 15100, 1098, 181 ஆகிய மூன்று எண்கள் அச்சிட்ட அட்டையும் கொடுப்போம். அந்த அட்டையில் எங்கள் பெயர் எதுவும் இருக்காது. பெண் பிள்ளைகளோடு தனியாகப் பேச எங்கள் குழுவிலுள்ள பெண் வழக்கறிஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தாய்மார்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நாளில் சந்திக்கலாம் என்று யோசித்திருக்கிறோம். ஆசிரியர் ஐயா அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தீராமல் இருக்கிற ஒரு கேள்வி, வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர்களை எப்படித் தொடர்வது என்பது. பிரச்சினை தொடங்குவதே முதல் சம்பளம் வந்த பிறகுதான் என்று உங்களில் பலரும் சொல்கிறீர்கள். அப்போது பிள்ளை ஓசூரில் இருப்பான், நாங்கள் திண்டுக்கல்லில் இருப்போம்.

#16 வேடசந்தூர் வட்டத்து ஆசிரியர்

மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிற தாய்மார்கள் குறைவு. அதைவிட, விடைபெறும் பிள்ளைகள் சான்றிதழ் வாங்க வருகிற நாட்களில் அம்மாவோ அப்பாவோ கூட வருவது வழக்கம். அன்று அலுவலக வாசலில் ஒரு மேசை போட்டு இருவர் உட்கார்ந்தால் போதும். சான்றிதழைக் கையில் வாங்குகிற அந்த நேரத்திலேயே, அதன் அசலை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லிவிடலாம். மேசை நாங்கள் தருகிறோம்.

#17 நூற்பாலை அக்கா

தொடர்வதற்கு நான் ஒரு வழி சொல்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்கு வருவார்கள். தீபாவளிக்கு மறுநாள், அவர்கள் படித்த பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ உட்காருங்கள்; நோட்டையும் பே ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு வா என்று ஜனவரி வகுப்பிலேயே சொல்லிவையுங்கள். பாதிப் பேர்கூட வரமாட்டார்கள். வருகிறவர்கள் கூட வேலை செய்கிறவர்களின் கதையையும் கொண்டுவருவார்கள். ஓசூரில் இருக்கிற பிள்ளைக்கு அங்கேயே ஆள் வேண்டுமென்றால், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் ஒரு ஆணைக்குழு இருக்கும் அல்லவா, மதுரை அம்மா?

#18 மதுரை வழக்கறிஞர்

இருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் உண்டு. 15100-ஐ அழைத்து, வேலை செய்கிற மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் அங்கே இணைத்துவிடுவார்கள். திண்டுக்கல்லில் மனுவாக எழுதிக் கொடுத்தாலும் அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆணைக்குழுவுக்கு எழுதும் கடிதத்தின் வரைவை இங்கே போடுங்கள், தம்பி. தீபாவளிக்கு மறுநாள் முகாமையும் அதே கடிதத்தில் சேர்த்து ஒரே அனுமதியாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு தடவை அலைய வேண்டியதில்லை.